மூன்றாவது வரிசையில் ஒரு வேலை

அம்மாவுக்கு வேலை நேரம் மாலை ஏழிலிருந்து எட்டரை வரை. இடம், மூன்றாவது வரிசையில் இடது ஓர நாற்காலி. வேலை, சிரிப்பது.

கேட்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அந்த வீட்டில் யாருக்கும் இது வேடிக்கையாக இருந்ததில்லை. மகன் மேடையேறி, மைக்கைப் பிடித்துக்கொண்டு, தனியாக நின்று பேசி ஊரைச் சிரிக்க வைக்கிற தொழிலுக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. ஸ்டாண்ட்-அப் காமெடி என்று அதற்குப் பெயர். உறவுக்காரர்கள், "நின்னுக்கிட்டே பேசுறானாமே, நாமெல்லாம் படுத்துக்கிட்டா பேசுறோம்?" என்று கேட்டார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யாராவது மரியாதைக்காக அதைக் கலை என்று சொன்னால்தான் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"கலைன்னா ஓசியில கூப்பிடுவாங்க. தொழில்னு சொன்னாதான் முன்பணம் குடுப்பாங்க" என்பான்.

சொன்னதோடு நிற்கவில்லை. காலை ஒன்பது மணிக்குக் குளித்து, தலை வாரி, சட்டையை உள்ளே விட்டு, ஷூ மாட்டிக்கொண்டு பின்னறைக்குப் போவான். அந்த அறைக்கு ஆபீஸ் என்று பெயர். படுக்கையறையிலிருந்து ஆபீசுக்குப் பதினோரு எட்டு. இதற்கு எதற்குடா ஷூ என்று அம்மா ஒருநாள் கேட்டாள். "செருப்பு போட்டுக்கிட்டு எழுதினா, ஜோக்கும் காலை இழுத்துக்கிட்டுதாம்மா வருது" என்றான். ஒரு மணிக்குச் சாப்பாடு, அரை மணி நேரம். வீட்டுக்குள் நகைச்சுவை அறவே கிடையாது. ஒரு விருந்தில் பல் டாக்டராக இருக்கிற மாமா, எல்லோர் முன்னாலும் "ஒரு ஜோக் சொல்லுடா மாப்ளை" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். இவன் தட்டைக் கீழே வைத்து, "சொல்றேன் மாமா. அதுக்கு முன்னாடி இங்கேயே எனக்கு ஒரு பல்லைப் புடுங்கி விடுங்க" என்று வாயைத் திறந்து காட்டினான். அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

அம்மா வேலைக்குச் சேர்ந்ததும் இப்படி ஒரு தொழில் காரணத்தால்தான். முதல் வருடம் அவன் ஷோவுக்கு முப்பது பேர் வந்தாலே பெரிது. முப்பது பேரும் உள்ளுக்குள் சிரித்தார்கள், வெளியே சத்தம் வரவில்லை. அவன் ஒவ்வொரு ஷோவையும் பதிவு செய்து, மறுநாள் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு கேட்டு, ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தான். முதல் ஆளுக்குத்தான் சிரிக்கக் கூச்சம். இரண்டாவது ஆளுக்குக் கூச்சமே கிடையாது. ஆக, அவனுக்குத் தேவை முதல் ஆள்.

அந்த முதல் ஆள் வீட்டிலேயே, ஓய்வு பெற்று, ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அம்மா ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் இருபத்தெட்டு வருடம் எழுத்தராக இருந்தவள். அந்த இருபத்தெட்டு வருடத்தில் ஏழு மேனேஜர்கள். ஏழு பேருக்கும் ஒரு பொது வியாதி: தங்களுக்கு நகைச்சுவை உணர்வு கொட்டிக் கிடப்பதாக நினைப்பு. திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேனேஜர் எதையாவது சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எல்லோரையும் பார்ப்பார். மற்றவர்கள் இது ஜோக்கா, உத்தரவா என்று புரியாமல் முழிப்பார்கள். அம்மா அதற்குள் சிரித்திருப்பாள். எவர்சில்வர் தட்டு ஒன்று மாடிப்படியில் உருண்டு இறங்குகிற மாதிரி ஒரு சிரிப்பு. அதைக் கேட்டால் பக்கத்தில் இருப்பவனுக்கும் தொற்றிக்கொள்ளும். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு, கையில் ஒரு பையனோடு இருந்தவளுக்குத் தூரத்துக் கிளைக்கு மாற்றல் வராமல் காப்பாற்றியது அந்தச் சிரிப்புதான். அதில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. டைப் அடிக்கத் தெரிந்தது, சிரிக்கத் தெரிந்தது, இரண்டும் சோறு போட்டது.

எழுதி முடித்த தாளில் மகன் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக் கொடுப்பான். ஒற்றைக் கோடு இருந்தால் சின்னதாக ஒரு "ஹா". இரட்டைக் கோடு என்றால் தட்டு உருள வேண்டும். மூன்று கோடு என்றால் தட்டும் உருள வேண்டும், கையும் தட்ட வேண்டும், "ஐயோ கடவுளே" என்றும் சொல்ல வேண்டும். மூன்று கோடு ஒரு ஷோவில் நாலு இடத்துக்கு மேல் வராது. வந்தால் தொண்டை தாங்காது என்று அம்மாவே ஆரம்பத்தில் பேசி முடித்துக்கொண்டாள். அவன் காரில் போவான். அவள் பஸ்ஸில் தனியாக வருவாள். ஒவ்வொரு தடவையும் வேறு மூக்குக்கண்ணாடி, வேறு கைப்பை. ஒருமுறை பக்கத்து நாற்காலிப் பெண், "அந்தப் பையன் சுமார்தாங்க, நீங்க சிரிச்சதுக்காகத்தான் நான் சிரிச்சேன்" என்று காதோடு சொன்னாள். அம்மா அதை மகனிடம் சொல்லவில்லை. பாராட்டு தனக்கா, குறை அவனுக்கா என்று பஸ்ஸில் வீடு வரும்வரை யோசித்தாள்.

எதையும் ஒரு எல்லையோடு செய்கிறவள் மருமகள். இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஊசி குத்துவதற்கு முன்னால் "வலிக்காது" என்று யாரிடமும் பொய் சொல்லமாட்டாள், "கொஞ்சம் வலிக்கும்" என்பாள். அவன் தீயணைப்புக் கருவி விற்கிற கம்பெனியை விட்டு வந்தபோது அவள் மூன்று வருடம் கொடுத்தாள். அவன் கேட்டதன்பேரில் இன்னொரு வருடம் கூட்டிக் கொடுத்தாள். அந்த நாலாவது வருடம் இந்த மாதத்தோடு முடிகிறது. பழைய கம்பெனியில் அவன் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று அங்கிருந்து சொல்லி அனுப்பியும் விட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் அந்த அழைப்பு வந்தது. நகைச்சுவை வீடியோக்கள் தயாரித்து இணையத்தில் போடுகிற ஒரு நிறுவனம். பிடித்திருந்தால் ஒரு வருட ஒப்பந்தம், மாதச் சம்பளம். மகன் பதினோரு ஷோக்களின் பதிவை அனுப்பினான். நேரில் வரச் சொன்னார்கள்.

"நீயும் வாம்மா. கம்பெனின்னா ரெண்டு பேராவது போகணும்" என்றான். அங்கேதான் விதி சிரித்தது. விதி என்று சும்மா சொல்வானேன், அம்மாதான் சிரித்தாள்.

கண்ணாடிச் சுவர் போட்ட சின்ன அறை. நீள மேசை. எதிரே பொறுப்பாளர், நாற்பது வயதுப் பெண்மணி, கையில் மகன் அனுப்பிய விவரத்தாள். அவருக்குப் பக்கத்தில் சவுண்ட்காரர், கழுத்தில் ஹெட்போன். மகன், "இவங்க எங்க நிர்வாக மேலாளர்" என்று அம்மாவை அறிமுகம் செய்தான். அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மேலாளர் மாதிரி உட்கார்ந்தாள்.

சவுண்ட்காரர்தான் ஆரம்பித்தார். "பதினோரு பதிவும் கேட்டேன் சார். நல்லா இருக்கு. ஒரு சந்தேகம். எந்த ஹாலா இருந்தாலும் ஒரே அம்மாதான் முதல்ல சிரிக்கிறாங்க."

மகன் கொஞ்சமும் அசரவில்லை. "ரசிகைங்க. எங்க ஷோ போட்டாலும் தேடி வந்திடுவாங்க."

பொறுப்பாளர் தாளிலிருந்து தலையைத் தூக்கி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "பதினோரு ஷோவுக்கும் ஒரே ரசிகை வர்றாங்கன்னா, ஒண்ணு அவங்க உங்களைக் கல்யாணம் பண்ணிக்க நினைக்கணும், இல்ல அவங்க போலீசா இருக்கணும்" என்றார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருவர், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தபடி ஒரு ஜோக் சொல்கிறார். இருபத்தெட்டு வருடப் பழக்கம். அம்மா யோசிக்கவில்லை, யோசிக்க இடமும் இல்லை. தட்டு மாடிப்படியில் உருண்டு, கடைசிப் படிவரை இறங்கி நின்றது.

சவுண்ட்காரர் தன் சுழல் நாற்காலியை மெல்ல அவள் பக்கம் திருப்பினார். "அம்மா, அது நீங்கதானா?"

மகனின் கழுத்து சிவந்துபோனது. அம்மாவுக்கு அந்த நாற்காலியோடு தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஏழு மேனேஜர்களைச் சமாளித்தவள், எட்டாவது ஆளிடம் வசமாக மாட்டிக்கொண்டாள்.

நல்லவேளையாகப் பொறுப்பாளர் கத்துகிற ரகம் இல்லை. "தப்புன்னு சொல்லல. ஆனா எங்க வீடியோவுக்குக் கீழே ‘சிரிப்பை ஒட்ட வச்சிருக்காங்க’ன்னு எழுதறாங்க. ஒரு தடவ நாங்க பட்டாச்சு. சனிக்கிழமை மூணு மணிக்கு எங்க ஹால்லயே ஒரு ஷோ போடுங்க. நூத்தி இருபது பேரை நாங்க கூப்பிடறோம். அந்தப் பதிவைப் பார்த்துட்டு முடிவு பண்ணிடலாம்" என்றார்.

"அம்மா வரக் கூடாதுங்களா?" என்று மகன் கேட்டான். தொழிலதிபர் குரலில் கேட்கவில்லை.

"வரட்டும்" என்றார் சவுண்ட்காரர். "ஆனா சத்தம் வரக் கூடாதுங்க. அந்தச் சிரிப்பு எனக்கு மனப்பாடம். ஒரே ஒரு தடவ டேப்ல விழுந்தாலும் மொத்தமும் குப்பைக்குத்தான்."

கார் வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போது மகன் சொன்னான். "நீ அந்த இடத்துல உட்கார்ந்தாப் போதும்மா. அந்த நாற்காலி காலியா இருந்தா எனக்கு ஓடாது."

வெள்ளிக்கிழமை காலை. மகன் ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்தியாகிவிட்டது. மருமகள் தன் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காலரை மடித்துத் தேய்த்தபடியே, நிமிராமல் கேட்டாள்.

"அத்தை, எல்லா ஷோவையும் பார்த்தது நீங்க ஒருத்தங்கதான். எனக்கு உண்மையைச் சொல்லுங்க. அவருக்கு இது வருதா? இல்ல, வெளியில சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு நாம எல்லாரும் இழுத்துக்கிட்டு இருக்கோமா?"

சட்டென்று "வராம என்ன" என்று சொல்லத்தான் அம்மா வாயெடுத்தாள். வரவில்லை. நானூறு ஷோ பார்த்தவள். அவன் ஜோக்குகள் எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் பஸ் கண்டக்டருக்கு நிறுத்தங்கள் தெரிகிற மாதிரித்தான் தெரியும். எந்த இடத்தில் விசில் ஊத வேண்டும் என்று தெரியும், இறங்கி அந்த இடத்தைப் பார்த்ததில்லை. அவன் பேசும்போது அடுத்த சிவப்புக் கோடு எங்கே வருகிறது என்றுதான் அவள் காது காத்துக் கிடக்கும். ஜோக்கை ஜோக்காக அவள் கேட்டதே இல்லை. என் பிள்ளை சிரிப்பாகப் பேசுகிறானா, இல்லையா? அவளுக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்கு, அதுவும் வேலையாக நாலு வருடம் சிரித்தவளுக்கு, அது தெரியவில்லை.

அதைவிட ஒரு பயம் அதற்கு அடியில் இருந்தது. அந்த நாலு வருடமும் சனங்கள் சிரித்தது அவனுக்காகவா, தட்டு உருண்டதற்காகவா? தன் சிரிப்பால்தான் அவன் தன்னைக் கெட்டிக்காரன் என்று நம்பிக்கொண்டு, நல்ல வேலையை விட்டு, இந்தப் பெண்ணின் சம்பளத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்றால், அந்தப் பாவம் யாரைச் சேரும்?

"நாளைக்குச் சொல்றேன்ம்மா" என்றாள்.

மருமகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். "சரி அத்தை. ஆனா நாளைக்கு எனக்கு நிஜத்தைத்தான் சொல்லணும்" என்று கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை மூன்று மணி. ஜன்னல் இல்லாத ஹால். கறுப்புத் துணி போட்ட சுவர்கள். வந்த நூற்று இருபது பேரும் இலவச அழைப்பில் வந்தவர்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ஏசி காற்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வரிசை இடது ஓரத்தில் அம்மா, மடித்த கைக்குட்டையோடு. பக்கத்தில் ஒரு தடித்த பெண்மணி, மடியில் பெரிய பை. பின்னால் கண்ணாடி அறைக்குள் சவுண்ட்காரர், காதில் ஹெட்போன்.

மகன் வந்தான். கோட்டு, பளபளக்கிற ஷூ. முதல் ஜோக் தீயணைப்புக் கருவி விற்றதைப் பற்றி. சொல்லி முடித்து நின்றான். அது ஒற்றைக் கோடு. அம்மா பல்லைக் கடித்தாள். ஹால் சும்மா இருந்தது. இரண்டு பேர் புன்னகைத்தார்கள். புன்னகைக்கு மைக்கில் சத்தம் கிடையாது.

இரண்டாவது ஜோக். சொல்லி, நின்றான். அப்போதுதான் அம்மாவுக்கு விளங்கியது. அவன் நிறுத்துகிற இடமெல்லாம் அவளுடைய சிரிப்புக்காக அளந்து வெட்டிய இடம். நாலு வருடமாக அவள் சிரித்து, அது பரவி, அடங்குகிற நேரத்தைக் கணக்கிட்டு அவன் உடம்பு நிற்கப் பழகியிருக்கிறது. சிரிப்பை எடுத்துவிட்டார்கள், நிற்கிற நேரம் மட்டும் மிச்சம். அதனால் ஒவ்வொரு ஜோக்குக்குப் பிறகும் அவன் அடுத்ததை மறந்துவிட்ட ஆள் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். ஹாலுக்கே சங்கடமாகிவிட்டது. யாரோ இருமினார்கள். முன்வரிசையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்று நிமிடம் ஆனது, நாலு நிமிடம் ஆனது. அவன் நெற்றியில் வியர்வை மின்னுவது மூன்றாவது வரிசைக்குத் தெரிந்தது. மருந்து அவள் தொண்டையில் இருந்தது. ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு உருண்டால் போதும், பக்கத்துப் பெண்மணி சிரிப்பாள், அவளைப் பார்த்துப் பின்வரிசை சிரிக்கும். பையன் கரையேறிவிடுவான். ஒப்பந்தம் போய்விடும். சிரிக்காவிட்டால் பையனே போய்விடுவான். பெற்ற பிள்ளை கண் முன்னால் மூழ்குகிறான், இவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இருபத்தெட்டு வருடம் யார் யாருக்கோ கேட்காமலே கொடுத்ததைச் சொந்தப் பிள்ளைக்குக் கொடுக்க முடியவில்லையே என்று அவளுக்கு அழுகை முட்டியது. கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

மகன் அவளைப் பார்த்தான். மேடையிலிருந்து அவளைப் பார்க்கக் கூடாது என்று விதி எழுதியவனே அவன்தான். பார்த்தான், பெருமூச்சு விட்டான், மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றினான்.

"மூணாவது வரிசை ஓரத்துல ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க பாருங்க. எங்க அம்மா. நாலு வருஷமா என் கம்பெனியில வேலை பார்க்கறாங்க. சிரிக்கிற வேலை. முதல்ல அவங்க சிரிப்பாங்க, அப்புறம் நீங்க சிரிப்பீங்க, அப்புறம் நான் பெரிய ஆளுன்னு வீட்டுக்குப் போவேன். இன்னைக்கு அவங்களுக்கு லீவு குடுத்துட்டேன்." ஹாலைச் சுற்றிப் பார்த்தான். "இப்பத்தான் தெரியுது. கம்பெனியில வேலை பார்த்தது அவங்க ஒருத்தங்கதான்."

ஹால் சிரித்தது. யாரும் ஆரம்பித்து வைக்காமல் சிரித்தது. நூற்று இருபது தலைகளும் அம்மா பக்கம் திரும்பின. அம்மாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"வருஷா வருஷம் அவங்க வேலையைப் பத்தி மதிப்பீடு எழுதித் தருவேன். கம்பெனின்னா செய்யணும்ல? ‘இன்னும் கொஞ்சம் இயல்பாகச் சிரிக்க முயற்சி செய்யவும்.’ பெத்த அம்மாவுக்கு எழுதிக் குடுத்தேங்க. கையெழுத்துப் போட்டு, சீல் வச்சு. அவங்க மேல்முறையீடு பண்ணிட்டாங்க. எங்க கம்பெனியில எனக்கு மேல ஒரே ஒரு ஆள், எங்க வீட்டுக்காரி. அவ ரெண்டு தரப்பையும் விசாரிச்சா. தீர்ப்பு சொன்னா: ‘அத்தை இயல்பாத்தான் சிரிக்கிறாங்க. ஜோக்குதான் இயல்பா இல்ல.’"

சிரிப்பு இப்போது பின்வரிசையிலிருந்து வந்தது. அம்மா சிரிக்கவில்லை. அது நடந்த அன்று அவளுக்குக் கோபம்தான் வந்தது, அந்தக் காகிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டிருந்தாள். ஆனால் சிவப்புக் கோடு இல்லாத பேச்சை அவள் காது இப்போதுதான் முதன்முதலாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்து அவன் என்ன சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரியாது.

"ஒரு தடவ அவங்களுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. லீவு கேட்டாங்க. நான் என்ன சொல்லியிருக்கணும்? ‘படுத்து ரெஸ்ட் எடும்மா’ன்னு சொல்லியிருக்கணும். நான் சொன்னேன், ‘மாத்து ஆள் ஏற்பாடு பண்ணிட்டு லீவு எடுத்துக்கோங்க.’ பண்ணிட்டாங்க. எங்க சித்தியை அனுப்பினாங்க. சித்திக்கு ஒரே ஒரு குறை. காது கேட்காது."

அம்மா நிமிர்ந்தாள். தங்கையை அனுப்பியது உண்மை. அன்றைக்கு ஷோவில் என்ன நடந்தது என்று மகனும் சொல்லவில்லை, தங்கையும் "நல்லா சிரிச்சேன்க்கா" என்றதோடு சரி.

"சித்திக்கு நான் எங்க ஜோக் சொல்றேன்னு எப்படித் தெரியும்? அவங்களா ஒரு வழி கண்டுபிடிச்சுட்டாங்க. நான் எப்பல்லாம் வாயை மூடறேனோ அப்பல்லாம் சிரிக்கணும். மூச்சு விட நிறுத்தினேன், சிரிச்சாங்க. அடுத்த வரி மறந்துபோச்சு, விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பயத்துல தொண்டை காஞ்சுபோய், பாட்டிலை எடுத்துத் தண்ணி குடிச்சேன்." நிறுத்தினான். கையில் இல்லாத பாட்டிலை எடுத்து, மெதுவாக, பயந்த கண்ணோடு குடித்துக் காட்டினான். "எழுந்து நின்னு கை தட்டினாங்க. அவங்களைப் பார்த்து மொத்த ஹாலும் எழுந்திரிச்சிடுச்சு. மறுநாள் ஒருத்தர் போன் பண்றாரு. ‘சார், எங்க ஆபீஸ் விழாவுக்கு வரணும். பேச்செல்லாம் வேணாம். அந்தத் தண்ணி குடிக்கிற ஐட்டம் மட்டும் பண்ணினாப் போதும்.’"

அம்மாவுக்கு என்னமோ ஆனது. வயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டது. தோள் குலுங்கியது. மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. தங்கை எழுந்து நின்று கை தட்டுகிற காட்சி கண்ணுக்குள் வந்தது, கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. ஐயோ, சிரிக்கிறேன், சத்தம் வந்துவிடும், எல்லாம் போச்சு என்று கைக்குட்டையைப் பல்லால் கடித்துக் குனிந்தாள். சத்தம் வரவில்லை. ஒரு முனகல்கூட இல்லை. உடம்பு மட்டும் குலுங்கு குலுங்கு என்று குலுங்கியது. பக்கத்துப் பெண்மணி பதறிப்போய், "அம்மா, அழாதீங்க, பையன் விளையாட்டுக்குத்தான் சொல்றாரு" என்று முதுகைத் தடவினாள். பையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து, "இந்தாங்க, தண்ணி குடிங்க" என்று நீட்டினாள்.

தண்ணீரைப் பார்த்ததும் அம்மா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சரிந்துவிட்டாள்.

அப்புறம் அவன் இருபத்தைந்து நிமிடம் பேசினான். எழுதிவைத்ததில் பாதியைச் சொன்னான், பாதியை விட்டுவிட்டான். நிற்க வேண்டிய இடத்தில் ஹால் சிரித்து முடிக்கும்வரை நின்றான்.

ஷோ முடிந்ததும் சவுண்ட்காரர் ஹெட்போனைக் கழற்றியபடி வெளியே வந்தார். "ரொம்ப நன்றிம்மா. ஒரு இடத்துலகூட உங்க குரல் விழல" என்றார். பொறுப்பாளர் சுருக்கமாக முடித்தார். முதல் நாலு நிமிடத்தை வெட்டிவிடுவார்கள். மீதிக்கு ஒப்பந்தம், ஒரு வருடம், திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடலாம்.

வண்டி நிறுத்துமிடத்தில் வெயில் இன்னும் இருந்தது. மகன் கார்க் கதவைத் திறந்தான், உட்காரவில்லை. ஒப்பந்தம் கிடைத்த ஆளின் முகம் இல்லை அது.

"நீ ஏம்மா அழுத?" என்றான். "உன்னை வச்சுப் பேசினது தப்புதான். வேற வழி தெரியல. எல்லாரும் சிரிக்கிறாங்க, நீ மட்டும் குனிஞ்சு அழுதுக்கிட்டு இருந்த. எனக்கு அதுக்கு மேல பேசவே கஷ்டமாப் போச்சு."

"நான் எங்கடா அழுதேன்? சிரிச்சேன்."

"சத்தமே வரலையே."

"எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும்" என்றாள் அம்மா. சொல்லும்போது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அறுபத்தைந்து வயதில் தன் சிரிப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டிருக்கிறாள்.

மகன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மூளை எதையோ கூட்டிக் கழிப்பது தெரிந்தது. "அப்போ," என்றான், "இத்தனை நாளா சிரிச்சதெல்லாம்?"

மழுப்பிவிடலாம். மேனேஜர்களிடம் அவள் மழுப்பாத மழுப்பலா?

"அது வேலைடா" என்றாள்.

அவன் கார்க் கதவைப் பிடித்தபடி தரையைப் பார்த்தான். நானூறு ஷோ அவன் முகத்தில் ஒவ்வொன்றாக இறங்கிப் போயிற்று. ஆனாலும் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ள அம்மாவுக்கு மனம் வரவில்லை.

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. மருமகள். அவன் அதை அம்மாவிடம் நீட்டினான்.

"என்ன ஆச்சு அத்தை? கிடைச்சுதா?"

"கிடைச்சுது. அது கிடக்கட்டும். நேத்து நீ கேட்டியே, அதுக்குப் பதில் சொல்றேன். அவனுக்கு வருதும்மா. நிஜமா வருது. வயிறு வலிக்குது எனக்கு."

"சரி அத்தை" என்று மருமகள் சொன்னபோது அவள் குரல் கம்மியிருந்தது.

அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் வாங்கிப் பையில் போட்டான், கண்ணைத் துடைத்தான், மூக்கை உறிஞ்சினான். பிறகு காருக்குள் உட்காராமல், அவள் பக்கம் ஒரு எட்டு வைத்து, கொஞ்சம் தயங்கி, "எந்த இடத்துலம்மா சிரிச்ச?" என்று கேட்டான்.

எங்கே சிரிக்க வேண்டும் என்று நாலு வருடமாக அவன்தான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.